இரண்டு ஆண்டுக் கையெழுத்து: இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆகும் வழி

2025 ஜூலையில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான சொலிசிட்டர் தகுதித் தேர்வின் முதல் பகுதியை எழுதியவர்களில் நூற்றுக்கு 41 பேர்தான் தேறினார்கள். முடிவு வந்ததும் தேர்வு கடினமா, பயிற்சி வகுப்புகள் சரியில்லையா என்று பேச்சு எழுந்தது. ஒவ்வொரு முறையும் எழும் பேச்சுதான். ஆனால் சொலிசிட்டர் ஆக விரும்பும் ஒருவருக்குத் தேர்வு பாதித் தூரம். மீதிப் பாதி, இரண்டு ஆண்டுகள் சட்டப் பணி செய்து, அதற்கு உறுதிக் கையெழுத்து வாங்குவது. அந்த வேலை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதைத் தேர்வு முடிவுப் பட்டியல் காட்டாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் தேர்வுக்கு மட்டும் பணத்தைக் கட்டித் தயாரானவர்கள் பலர், தேறிய பிறகும் கடனோடு நிற்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. நம்மூரில் வழக்கறிஞர் ஒருவரே கட்சிக்காரரைச் சந்திப்பார், பத்திரம் எழுதுவார், நீதிமன்றத்தில் வாதாடுவார். இங்கிலாந்தில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வீடு வாங்குவது, உயில், விவாகரத்து, நிறுவன ஒப்பந்தம், காவல் நிலையத்தில் கைதானவருக்குத் துணை என்று மக்கள் முதலில் போய்ப் பார்ப்பது சொலிசிட்டரை. மேல் நீதிமன்றங்களில் வாதாடுவது பெரும்பாலும் பாரிஸ்டர். சொலிசிட்டர்களின் உரிமத்தையும் பயிற்சியையும் கவனிப்பது சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக எஸ்.ஆர்.ஏ.

பயிற்சி என்ற நிபந்தனை தேர்வைவிடப் பழையது. 1728-ஆம் ஆண்டுச் சட்டமே ஐந்து ஆண்டுகள் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்திருக்க வேண்டும் என்று விதித்தது. சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி எழுத்துத் தேர்வு வைக்கத் தொடங்கியது 1836-ல்தான். அந்தப் பயிற்சிக் காலத்தில் எழுத்தருக்குச் சம்பளம் கிடையாது. அவர் குடும்பம்தான் முதலாளிக்குப் பெருந்தொகை கட்டிச் சேர்த்துவிடும். பணமும் அறிமுகமும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்த நாற்காலி. பெண்களுக்கு அதுவும் இல்லை. 1913-ல் க்வினெத் பெப் தொடுத்த வழக்கில், சொலிசிட்டர்கள் சட்டம் சொல்லும் ‘நபர்’ என்பதில் பெண் அடங்கமாட்டார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1919-ல் சட்டம் மாறிய பிறகு, 1922-ல் கேரி மாரிசன் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவானார்.

1993-ல் பழைய இறுதித் தேர்வு போய், எல்.பி.சி. என்ற ஓராண்டுத் தொழிற்படிப்பு வந்தது. அதை முடித்துவிட்டு, ‘டிரெய்னிங் கான்ட்ராக்ட்’ எனப்படும் இரண்டு ஆண்டுப் பயிற்சி ஒப்பந்தத்தைப் பிடிக்க வேண்டும். படிப்புக் கட்டணம் 15,000 பவுண்டைத் தாண்டியது. ஒப்பந்தங்களோ ஆண்டுக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம் என்ற அளவில்தான். படித்து முடித்து, ஒப்பந்தம் கிடைக்காமல், பாராலீகல் என்ற பெயரில் சொலிசிட்டர் செய்யும் வேலையையே குறைந்த சம்பளத்துக்குச் செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. இந்த அடைப்பைத் திறக்கத்தான் 2021 செப்டம்பரில் எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் சரி. எந்த வகுப்பிலும் சேராமல் தானே படித்தாலும் சரி. எல்லோரும் ஒரே தேர்வை எழுத வேண்டும். கூடவே, பழைய ஒப்பந்தம் இல்லாமலும், நான்கு இடங்கள்வரை மாறி மாறி வேலை பார்த்து இரண்டு ஆண்டு ‘தகுதிப் பணி அனுபவம்’ சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்.பி.சி. பாதையில் முன்பே இறங்கியவர்களுக்கு 2032 இறுதிவரை அவகாசம் உண்டு.

என் பார்வையில் இந்தச் சீர்திருத்தத்தின் உண்மையான மதிப்பு இரண்டாவது பாதியில் இருக்கிறது. ஆனால் பேச்சும் பணமும் பதற்றமும் முதல் பாதியிலேயே குவிந்து கிடக்கின்றன.

தேர்வைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முதல் பகுதி முழுக்கவே கொள்குறிக் கேள்விகள். இரண்டு தாள்கள், தாளுக்கு 180 கேள்விகள், மொத்தம் 360. ஒவ்வொரு தாளும் ஒரே நாளில் 90 கேள்விகளாக இரண்டு அமர்வுகள். அமர்வுக்கு இரண்டு மணி 33 நிமிடம். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 102 விநாடி. புத்தகம் கிடையாது, குறிப்பு கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. முதல் தாளில் வணிகச் சட்டம், ஒப்பந்தம், தீங்கியல், உரிமையியல் வழக்கு நடைமுறை, அரசமைப்பு. இரண்டாவதில் சொத்துப் பரிமாற்றம், நிலச் சட்டம், உயில், அறக்கட்டளை, குற்றவியல், சொலிசிட்டர் கணக்கு விதிகள். தொழில் நெறி மட்டும் எல்லாவற்றிலும் ஊடாக வரும்.

கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒன்றை அமைத்துக் காட்டுகிறேன். ஒரு மூதாட்டி உயில் எழுதுகிறார். வீடு மகளுக்கு, மிச்சமெல்லாம் ஓர் அறக்கட்டளைக்கு. கையெழுத்துப் போடும்போது சாட்சிகள் இருவர்: பக்கத்து வீட்டுக்காரர், மகளின் கணவர். மூதாட்டி இறந்துவிட்டார். வீடு யாருக்கு? ஐந்து விடைகள் தருவார்கள். உயிலே செல்லாது என்று ஒன்று. மருமகனுக்கு நேரடியாக எதுவும் எழுதவில்லையே, ஆகவே வீடு மகளுக்கே என்று ஒன்று. வேற்று ஆள் ஒருவர் சாட்சியாக இருப்பதால் போதும் என்று ஒன்று. உயில் செல்லாத பாகத்துக்கு மட்டும் வாரிசுச் சட்டப்படி மகளே வருவார் என்று இன்னொன்று. சரியான விடை: உயில் செல்லும், ஆனால் பயன் பெறுபவரின் கணவர் சாட்சியாக நின்றதால் மகளுக்கு எழுதிய கொடை மட்டும் விழுந்துவிடும், வீடு மிச்சச் சொத்தோடு சேர்ந்து அறக்கட்டளைக்குப் போகும். 1837-ஆம் ஆண்டு உயில்கள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போகும் வழக்கறிஞர் இங்கே தடுக்கி விழ வாய்ப்பு அதிகம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவும் இதே விதிதான் என்றாலும், இந்துக்களின் உயில்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. நம் ஊரில் பழகிய கண்ணுக்கு இரண்டாவது விடை இயல்பாகத் தெரியும். தப்பான நான்கு விடைகளும் சும்மா இட்டு நிரப்பியவை இல்லை. சட்டத்தை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கணித்து எழுதியவை. இதனால்தான் பாடப் புத்தகத்தை இரண்டு மூன்று தடவை வாசித்து முடித்தவர்களும் தோற்கிறார்கள். விதியும் அதன் விலக்கும் சேர்ந்தே மனதில் இருக்க வேண்டும். நான் கவனித்தவரையில், தினமும் கேள்விகள் போட்டுப் பார்த்து, தப்பானவற்றை மட்டும் தனி நோட்டில் எழுதி, ஏன் அந்தப் பொய் விடை உண்மைபோலத் தெரிந்தது என்று ஒரு வரி குறித்து வைப்பவர்கள் நன்றாக முன்னேறுகிறார்கள். பாடம் பாடமாகப் பிரித்துப் பயிற்சி செய்வது தொடக்கத்துக்குச் சரி. கடைசி இரண்டு மாதம் எல்லாவற்றையும் கலந்தே செய்ய வேண்டும், ஏனென்றால் தேர்வில் எந்தக் கேள்வி எந்தப் பாடம் என்ற தலைப்பு இருக்காது. சொலிசிட்டர் கணக்கு விதிகளைப் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கட்சிக்காரர் பணத்தையும் அலுவலகப் பணத்தையும் கலக்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கும் அந்தப் பகுதி, சிறியது, உறுதியாக மதிப்பெண் தருவது. அதை முதலிலேயே முடித்துவிடலாம்.

முழு நேரமாகப் படிப்பவருக்கு நான்கைந்து மாதமும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு எட்டு, பத்து மாதமும் ஒதுக்குவது நியாயமான கணக்கு. ஆறு ஆண்டுக்குள் மூன்று முறைதான் எழுதலாம் என்பதால், ‘ஒரு முறை எழுதிப் பார்ப்போம்’ என்ற மனநிலை இங்கே ஆபத்தானது.

முதல் பகுதியின் தேர்ச்சி விகிதம் ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவே ஏறி இறங்குகிறது. 2021 நவம்பரில் 53 விழுக்காடு. 2024 ஜனவரியில் 56. அதே ஆண்டு ஜூலையில் 44. பெரிய நிறுவனங்கள் சம்பளமும் வகுப்புக் கட்டணமும் கொடுத்து அனுப்பும் அணிகள் ஜனவரியில் அதிகம் எழுதுகின்றன என்பது இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம். அது சரியென்றால், படிக்க நேரமும் பணமும் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையே உள்ள வேறுபாடே அந்த எண்களில் தெரிகிறது. 2024 ஜனவரித் தேர்வில் இன்னொன்றும் நடந்தது. தேர்வை நடத்தும் கப்லன் நிறுவனம், மதிப்பெண்ணை முழுமையாக்கும் கணக்கில் பிழை நேர்ந்து, தேறிய 175 பேருக்குத் தோல்வி என்று முடிவு அனுப்பிவிட்டதாக ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. பல நிறுவனங்களின் வேலை வாக்குறுதி, முதல் முயற்சியிலேயே தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறது. அந்தச் சில வாரங்கள் அந்த 175 பேருக்கும் எப்படிப் போயிருக்கும் என்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

இரண்டாம் பகுதி வேறு மாதிரி. பதினாறு பணிகள்: பன்னிரண்டு எழுத்து, நான்கு வாய்மொழி. கட்சிக்காரரை நேர்காண்பது, நீதிபதி முன் வாதாடுவது, கடிதம் எழுதுவது, ஆவணம் வரைவது, கோப்பை ஆராய்வது, சட்டத்தைத் தேடுவது. நேர்காணலில் கட்சிக்காரராக நடிக்க வருபவரே மதிப்பெண் போடுகிறார். அதுவும் சட்ட அறிவுக்கு இல்லை, தன்னை எப்படி நடத்தினார், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாரா, நம்பிக்கை வந்ததா என்பதற்கு. பத்து நிமிடத் தயாரிப்பு, 25 நிமிடப் பேச்சு, பிறகு 25 நிமிடத்தில் குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பைச் சொலிசிட்டர் திருத்துவார். முதல் பகுதியைத் தாண்டியவர்களே எழுதுவதால் இங்கே பொதுவாக நான்கில் மூவர் தேறுகிறார்கள். அலுவலகத்தில் ஓராண்டாவது வேலை பார்த்த பின் இதை எழுதுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. தினமும் கடிதம் எழுதித் திருத்தம் வாங்கிய கை, தேர்வறையில் தானாக ஓடும்.

பணத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் முதல் முதல் பகுதிக்கு 1,934 பவுண்டு, இரண்டாம் பகுதிக்கு 2,974, சேர்த்து 4,908. தொடங்கியபோது 3,980 ஆக இருந்தது. தயாரிப்பு வகுப்புக்குப் பல ஆயிரம் தனி. அரசுக் கல்விக் கடன் தேர்வுக்கு நேரடியாகக் கிடைக்காது. வகுப்பு முதுநிலைப் பட்டத்தோடு இணைந்திருந்தால் மட்டுமே அந்தக் கடனைப் பயன்படுத்தலாம். சந்தையில் வகுப்புகள் பெருகிவிட்டன. விளம்பரங்களில் தேர்ச்சி விகிதங்கள் பளிச்சிடுகின்றன. எந்த நிறுவனத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் தேறினார்கள் என்ற விவரத்தை ஆணையமே வெளியிடும் என்று முதலில் சொல்லப்பட்டது, அது தள்ளிப்போனது. ஒரு மாணவர் வாழ்க்கையில் போடும் பெரிய முதலீடுகளில் ஒன்றைச் சரிபார்க்க வழியில்லாமல் போடுவது நியாயமில்லை. ஆணையத்தின் பாடத்திட்டமும் மாதிரிக் கேள்விகளும் இலவசம். அவற்றைப் போட்டுப் பார்த்து, தன் பலவீனம் எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகே வகுப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

இனி வேலை தேடும் பக்கம். லண்டன் நகரத்துப் பெரிய நிறுவனங்களின் நாட்காட்டி இரண்டு ஆண்டு முன்னால் ஓடுகிறது. சட்டம் படிப்பவர் இரண்டாம் ஆண்டிலேயே, பிற துறையினர் கடைசி ஆண்டில், விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விடுமுறைக் காலத்தில் ஓரிரு வாரம் நிறுவனத்தில் இருந்து பார்க்கும் திட்டங்களிலிருந்தே பலரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். இணையவழித் தர்க்கத் தேர்வு, ஒரு நாள் முழுதும் குழுப் பணி, எழுத்துப் பணி, நேர்காணல் என்று சல்லடை நீளுகிறது. தேர்வானவருக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவுத் தொகையும் கிடைக்கும். தகுதி பெற்றதும் சில நிறுவனங்கள் ஆண்டுக்கு 1,50,000 பவுண்டுக்கு மேலும் தருகின்றன. இந்த நாட்காட்டியைப் பதினெட்டு வயதில் அறிந்திருப்பவர் யார்? வீட்டிலோ பள்ளியிலோ யாராவது சொல்லியிருக்க வேண்டும். நாட்டில் கட்டணப் பள்ளிகளில் படிப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். சட்ட நிறுவனங்களில் உள்ள வழக்கறிஞர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கிருந்து வந்தவர். இப்போது பல நிறுவனங்கள் விண்ணப்பதாரரின் பள்ளி, குடும்பச் சூழலைக் கணக்கில் வைத்து மதிப்பெண்ணைப் படிக்கின்றன. நல்ல மாற்றம்தான், ஆனால் விண்ணப்பித்தவருக்கு மட்டுமே அது உதவும்.

விண்ணப்பத்தில் வரும் ‘ஏன் எங்கள் நிறுவனம்?’ என்ற கேள்விக்கு நூற்றுக்கு எண்பது பேர் எழுதுவது ஒரே பதிலாகத்தான் இருக்கும் என்று தோன்றும் அளவுக்குப் பொதுவான வாக்கியங்கள் புழங்குகின்றன: உலகப் புகழ், பன்முகப் பண்பாடு, சவாலான பணி. பெயரை மாற்றிவிட்டால் வேறு எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எதையும் எழுதக் கூடாது. அந்த நிறுவனம் எடுத்து நடத்திய ஒரு வழக்கு, அதில் எழுந்த ஒரு சட்டச் சிக்கல், அது தன் அனுபவத்தின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று மூன்று வரி இருந்தால் போதும். அப்பாவின் கடைக் குத்தகைப் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது உடனிருந்ததுகூட ஓர் அனுபவமே; அதில் கண்டதைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

பெரிய நிறுவனம் கிடைக்காதவர்களுக்கும், அந்த வேலையையே விரும்பாதவர்களுக்கும் தகுதிப் பணி அனுபவம் என்ற வழி இருக்கிறது. சட்ட மையத்தில் பகுதி நேரம், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆலோசனை மையத்தில் தன்னார்வப் பணி, பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம், ஊர்ப்புறச் சிறு நிறுவனத்தில் பாராலீகல் வேலை, எல்லாம் சேரும். உறுதிக் கையெழுத்துப் போடும் சொலிசிட்டரோ, நிறுவனத்தின் விதி இணக்க அலுவலரோ மூன்று விஷயங்களை மட்டும்தான் சொல்கிறார்: இத்தனை காலம் வேலை செய்தார், சொலிசிட்டருக்குரிய திறன்களில் குறைந்தது இரண்டையாவது வளர்க்க வாய்ப்பு இருந்தது, நடத்தை பற்றிக் கவலைக்குரியது எதுவும் எழவில்லை. ‘இவர் தகுதியானவர்’ என்று அவர் சான்று தருவதில்லை. அதைத் தேர்வு பார்த்துக்கொள்ளும். ஆகவே ‘உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை’ என்று சொல்லிக் கையெழுத்தை இழுத்தடிக்கும் முதலாளிக்கு விதியில் ஆதாரம் இல்லை. வேலையில் சேரும்போதே, இது தகுதிப் பணியாகக் கணக்கிடப்படுமா, யார் கையெழுத்திடுவார் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கக் கூச்சப்படுபவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள்.

கூடவே ஒரு பணிக் குறிப்பேடு. ‘மார்ச் முதல் இரண்டு வாரம்: வீடு வாங்கும் மூன்று கோப்புகள். நிலப் பதிவேட்டின் நகலைப் படித்தேன். பின்பக்கச் சந்தில் வழிநடைப் பாத்தியம் யாருக்கு என்பது தெளிவாக இல்லை. விற்பவரின் சொலிசிட்டருக்குக் கேள்விக் கடிதம் வரைந்தேன். மேற்பார்த்தவர் இரண்டாவது பத்தியை நீக்கச் சொன்னார். நம் பக்கத்துப் பலவீனத்தை நானே காட்டிக்கொடுத்திருக்கிறேன்.’ இவ்வளவு போதும். கட்சிக்காரர் பெயர் வரக் கூடாது. அந்த மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போன பிறகு, அடுத்து வருபவரிடம் கையெழுத்துக் கேட்கும்போது இந்தக் குறிப்பேடுதான் பேசும்.

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், க்ராய்டன் பக்கம் தமிழர் நடத்தும் சிறு சட்ட நிறுவனங்கள் பல உண்டு. குடிவரவு, வீடு, கடைக் குத்தகை, குடும்ப வழக்குகள் அங்கே அதிகம். தஞ்சக் கோரிக்கையாளர் ஒருவரின் வாக்குமூலத்தை, உரைபெயர்ப்பாளர் நடுவில் இல்லாமல் அவர் மொழியிலேயே கேட்டு எழுதத் தெரிந்த பாராலீகலின் மதிப்பை அந்த அலுவலகங்கள் அறியும். லா சொசைட்டியின் இணையப் பட்டியலில் மொழியைக் குறித்தே சொலிசிட்டரைத் தேட முடியும். விளம்பரத்துக்குக் காத்திராமல் அங்கிருந்து தேடி நேரில் எழுதலாம். ஆனால் சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் வேலை வாங்கும் பழக்கத்துக்கு ‘நம்ம பிள்ளை’ என்ற உரிமை மறைப்பாகிவிடக் கூடாது. தகுதிப் பணி சம்பளமில்லாமலும் இருக்கலாம் என்ற விதியின் தாராளத்தை, வாடகை கட்ட வேண்டிய இளைஞரின் தலையில் ஏற்றுவது தவறு.

இந்தியாவிலோ இலங்கையிலோ வழக்கறிஞராகப் பதிவு செய்தவருக்கு இந்த இரண்டு ஆண்டு நிபந்தனை இல்லை. தேர்வும் நன்னடத்தைச் சோதனையும் போதும். முதல் பகுதியை உலகின் பல நகரங்களில் உள்ள மையங்களில் எழுதலாம். இரண்டாம் பகுதியின் வாய்மொழிப் பணிகளுக்கு மட்டும் இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ போக வேண்டும். தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் பட்டம் முடித்ததும் முதுநிலைப் படிப்புக்காக அங்கே போய், பிறகு இதைப் பற்றி யோசிக்கிறார்கள். போகும் முன்பே இங்கே பதிவு செய்துவிட்டுப் போவது மிகவும் மேல். பதிவு இல்லாமல் போனால் விசா கழுத்தை நெரிக்கும். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரமே வேலை. பட்டத்துக்குப் பின் கிடைக்கும் விசா இரண்டு ஆண்டு; தகுதிப் பணிக்குத் துல்லியமாகப் போதுமானதாக இருந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. மிச்ச ஆறு மாதத்துக்கு நிறுவனம் விசா ஆதரவு தர வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டது, புதிதாக வேலைக்கு வருவோருக்கு 33,400. சிறு நிறுவனத்துப் பாராலீகலுக்கு அந்தச் சம்பளம் எட்டாத உயரம்.

இந்தியாவில் பயிற்சி கட்டாயமா என்ற கேள்வி வேறு விதமாக முடிந்தது. பார் கவுன்சில் 1995-ல் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 1999-ல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. பிறகு வந்தது பதிவுக்குப் பின்னான அகில இந்தியத் தேர்வு மட்டுமே. அதனால் சீனியரிடம் ஜூனியராகக் கற்பது முழுக்க அறிமுகத்தையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்ததாகிவிட்டது. இங்கிலாந்தில் அந்தப் பயிற்சிக்கு ஒரு விதியாவது இருக்கிறது.

அயர்லாந்து பாடம் இன்னும் கூர்மையானது. அங்கே எஃப்.ஈ.-1 என்ற நுழைவுத் தேர்வு எட்டுத் தாள்கள்; ஆண்டுக்கு இரண்டு முறை; தாளுக்குப் பாதி மதிப்பெண் வேண்டும். அதன் பிறகே பயிற்சி ஒப்பந்தமும், டப்ளின் பிளாக்ஹால் பிளேஸில் உள்ள அந்நாட்டு லா சொசைட்டியின் தொழிற்படிப்பும். ஒரு காலத்தில் குடியரசின் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தவர்களுக்கு அந்தத் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. வட அயர்லாந்தில் உள்ள பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இல்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; அது பாகுபாடு என்று 1995-ல் உயர் நீதிமன்றம் ஏற்றது. விளைவு, பெல்ஃபாஸ்ட் மாணவர்களுக்கும் விலக்கு வரவில்லை. எல்லோருக்கும் விலக்கு போய்விட்டது. ஸ்காட்லாந்தில் வரிசையே வேறு: பட்டம், ஓராண்டு டிப்ளமா, பிறகு இரண்டாண்டுப் பயிற்சி. டிப்ளமா முடித்தும் இடம் கிடைக்காதவரின் நிலை, பழைய எல்.பி.சி. முடித்தவரின் நிலையேதான்.

எல்லோருக்கும் ஒரே தேர்வு என்பதால் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு ஆகிவிடாது. வெள்ளையரின் தேர்ச்சி விகிதம் ஆசிய, கறுப்பினத் தேர்வர்களின் விகிதத்தைவிடத் தொடர்ந்து மேலே நிற்கிறது. காரணத்தை அறிய ஆணையம் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. 2024-ல் வந்த அறிக்கை ஒற்றைக் காரணத்தைச் சொல்லவில்லை. பள்ளி, குடும்பப் பொருளாதாரம், பல்கலைக்கழக அனுபவம், தொழிலுக்குள் முன்னுதாரணங்கள் இல்லாமை எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. இது தேர்வர்களின் கவலை மட்டும் இல்லை. 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்ட உதவி வெட்டுக்குப் பிறகு வீட்டு வசதி, கடன், நலத்தொகை வழக்குகளை எடுத்து நடத்தும் நிறுவனங்கள் சுருங்கிவிட்டன. அந்த வழக்குகளில் இன்று மக்களுக்காக நிற்கும் பாராலீகல்கள், ஆலோசகர்கள் பலர் சொலிசிட்டர் ஆகத் தகுந்தவர்கள். அவர்களுடைய அமைப்புகளிடம் தேர்வுக் கட்டணத்துக்குப் பணமில்லை. 2021-ல் தொடங்கிய சமூக நலச் சொலிசிட்டர் தகுதி நிதி, பெரிய நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கி அவர்களுடைய கட்டணத்தைக் கட்டுகிறது. லா சொசைட்டியின் பன்முக நுழைவுத் திட்டமும், ஜஸ்டிஸ் ஃபர்ஸ்ட் ஃபெலோஷிப்பும் இதே வரிசை. விண்ணப்பிக்கத் தகுந்தவர்களில் பலருக்கு இவற்றின் பெயரே தெரியாது.

வேலை, படிப்பு, தேர்வு மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிய ஒரு வழியும் 2016 முதல் இருக்கிறது: சொலிசிட்டர் அப்ரண்டிஸ்ஷிப். பள்ளி முடித்தவர் நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து, ஆறு ஆண்டில் பட்டமும் தகுதியும் பெறுகிறார்; கட்டணம் பெரிய முதலாளிகள் கட்டும் வரி நிதியிலிருந்து வருகிறது. பட்டம் முடித்தவர்களும், நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கும் பாராலீகல்களும் குறுகிய வடிவில் இதில் சேர முடிந்தது. இந்தப் பாதையில் வந்தவர்கள் தேர்விலும் சராசரிக்கு மேல் நின்றார்கள். 2026 ஜனவரி முதல், இந்த நிலைப் பயிற்சிக்கான அரசு நிதியைப் புதிதாகச் சேர்பவர்களில் பெரும்பாலும் 21 வயது வரையானவர்களுக்கே என்று அரசு சுருக்கிவிட்டது. பதினெட்டு வயதில் வழி தெரிந்தவருக்கு அது திறந்தே இருக்கிறது. கடையில் வேலை பார்த்து, மாலைக் கல்லூரியில் பட்டம் வாங்கி, இருபத்து நான்கு வயதில் க்ராய்டனில் ஒரு சிறு நிறுவனத்தின் முன்மேசைக்கு வந்து சேர்ந்திருக்கும் பெண், இனி அந்த 4,908 பவுண்டைத் தன் சம்பளத்திலிருந்து சேர்க்க வேண்டும். அவரை வேலைக்கு வைத்திருக்கும் சொலிசிட்டர், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் அவருக்கு வாரம் ஒரு நாள் விடுப்புத் தந்து, சேர்ந்த நாளிலிருந்து அவர் பணியைக் கணக்கில் எடுத்துக் கையெழுத்திடலாம். அதற்கு அரசின் அனுமதியோ ஆணையத்தின் புதிய விதியோ வேண்டியதில்லை.